4.7 நொடிகளில் சாம்பியன்: வில்லனோவாவின் அந்தக் கடைசி ஷாட் அதிர்ஷ்டமா, பிளானா?

ஸ்கோர் 74-74. கடிகாரத்தில் மிச்சம் 4.7 நொடிகள். மைதானத்தின் நீளம் 94 அடி. பந்தோ, கூடைக்கு நேர் எதிர் முனையில் இருக்கிறது. இந்த நிலையில் ஒரு அணி என்ன செய்ய முடியும்?

2016 ஏப்ரல் 4, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருக்கும் என்ஆர்ஜி ஸ்டேடியம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்சமான என்சிஏஏ ஆண்கள் இறுதிப் போட்டி. 74 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முன்னிலையில், வில்லனோவா பல்கலைக்கழக அணி 77-74 என்று நார்த் கரோலினாவை வீழ்த்தியது. கிறிஸ் ஜென்கின்ஸ் எய்த பந்து காற்றில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அடுத்த நொடி பந்து வலைக்குள்.

இன்றும் அந்த வீடியோ மொபைல் ஸ்க்ரீன்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. கமென்ட்களில் 'மிராக்கிள்', 'லக்' என்ற வார்த்தைகளும் கூடவே வரும். ஆனால் வீடியோவைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறு கதை தெரியும். பந்து உள்ளே போகுமா என்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அந்த ஷாட்டை எய்தவர் எதிரே யாருமில்லாமல் நின்றாரே, அது அதிர்ஷ்டம் இல்லை.

முதலில், யார் இந்த இரண்டு அணிகள்?

நார்த் கரோலினா, கல்லூரிக் கூடைப்பந்தின் அரச பரம்பரை மாதிரி. 1982-ல் ஜார்ஜ்டவுனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் வெற்றி ஷாட்டை அடித்த முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார்: மைக்கேல் ஜோர்டன். 2016-ல் அதே ஜோர்டன் கேலரியில் உட்கார்ந்து தன் பழைய கல்லூரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணியின் கோச் ராய் வில்லியம்ஸ், 2005, 2009 என ஏற்கெனவே இரண்டு முறை கோப்பை வென்றவர்.

வில்லனோவா, பிலடெல்பியா அருகே இருக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1985-க்குப் பிறகு கோப்பையே இல்லை. கோச் ஜே ரைட். அந்த அணியில் இருந்த ஜேலன் பிரன்சன், ஜோஷ் ஹார்ட், மிக்கல் பிரிட்ஜஸ் மூவரையும் என்பிஏ பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் அணியில் ஒன்று சேர்ந்த அதே மூவர்தான். ஆனால் அன்றைக்கு அணியின் மூளை வேறொருவர்: நான்காம் ஆண்டு மாணவர், பாயின்ட் கார்டு ரயன் ஆர்ச்சிடியகோனோ.

15 ஷாட் அதிகம் எடுத்தும் தோல்வியா?

கடைசி நொடிகளுக்குப் போகும் முன், ஆட்டம் ஏன் அவ்வளவு நெருக்கமாகப் போனது என்பதைப் பார்க்கலாம். ஸ்கோர் ஷீட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

நார்த் கரோலினா எடுத்த ஷாட்கள் 63. வில்லனோவா எடுத்தது 48 மட்டுமே. அதாவது தோற்ற அணிக்கு 15 வாய்ப்புகள் கூடுதல். காரணம் ரீபவுண்ட். அடித்த பந்து கூடையில் விழாமல் திரும்பும்போது, அதைத் திரும்பவும் கைப்பற்றி அடிப்பதில் நார்த் கரோலினா அந்த சீசனின் முன்னணி அணிகளில் ஒன்று. பிரைஸ் ஜான்சன் மாதிரி உயரமான, துள்ளலான வீரர்கள் கூடைக்கு அருகிலேயே முகாமிட்டிருப்பார்கள்.

இதை எதிர்கொள்ள வில்லனோவா கூடையைச் சுற்றிக் கூட்டம் போட்டது. உள்ளே வருபவரை ஒருவர் தடுக்கும்போதே, பக்கத்தில் இருப்பவரும் வந்து அடைத்துவிடுவார். விளைவு, நார்த் கரோலினா 46 இரண்டு-புள்ளி ஷாட்களில் 16 மட்டுமே அடித்தது. அவர்களின் பெரிய பலம் முடக்கப்பட்டது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் உள்ளே கூடினால் வெளியே காலி. அந்த சீசனில் தூர ஷாட்டுக்குப் பேர்போன அணியாக நார்த் கரோலினா இருந்ததில்லை. எனவே 'வெளியிலிருந்து அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்' என்பது நியாயமான கணக்குதான். அன்று அந்தக் கணக்கு தப்பியது. நார்த் கரோலினா 17 த்ரீ-பாயின்டர்களில் 11-ஐ உள்ளே போட்டது.

கூட்டிப் பாருங்கள். 46 இரண்டு-புள்ளி முயற்சிகளில் வந்தது 32 புள்ளிகள். வெறும் 17 மூன்று-புள்ளி முயற்சிகளில் வந்தது 33 புள்ளிகள்! பலம் என்று நினைத்ததைவிட, பலவீனம் என்று நினைத்தது அதிகம் கொடுத்தது. இடைவேளையில் நார்த் கரோலினா 39-34 என முன்னிலையில் இருந்ததற்கு இதுவே காரணம்.

வில்லனோவா எப்படித் தாக்குப்பிடித்தது? குறைவாக அடித்தார்கள், ஆனால் தேர்ந்தெடுத்து அடித்தார்கள். 48-ல் 28 உள்ளே போனது. கிட்டத்தட்ட 58 சதவீதம். இந்த ஆட்டத்தின் மறக்கப்பட்ட ஹீரோ ஃபில் பூத். பெஞ்சிலிருந்து இறங்கி வந்து 20 புள்ளிகள். அவர் இல்லையென்றால் கடைசி 4.7 நொடிக்கு அர்த்தமே இருந்திருக்காது.

10 புள்ளி முன்னிலை கரைந்தது எப்படி?

ஆட்டம் முடிய ஐந்தரை நிமிடம் இருக்கும்போது வில்லனோவா 67-57. 'முடிஞ்சது கதை' என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

அங்கிருந்துதான் மார்கஸ் பெய்ஜ் ஆட்டத்தைத் திருப்பினார். நார்த் கரோலினாவின் நான்காம் ஆண்டு மாணவர். இதுதான் அவருக்குக் கடைசிக் கல்லூரி ஆட்டம். அவருடைய த்ரீ-பாயின்டர்களும், இன்னொரு கார்டான ஜோயல் பெர்ரியின் ஷாட்களும் சேர்ந்து இடைவெளியைக் கரைத்தன. ஸ்கோர் 70-69 ஆனது.

இங்கே ஒரு பழக்கமான காட்சி. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆனால் கடிகாரம் நின்றுவிடும், பந்தும் திரும்பக் கிடைக்கும். இந்த நெருக்கடியில் பூத் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 72-69. பெய்ஜ் ஒரு ஷாட்டைத் தவறவிட்டு, தானே ரீபவுண்ட் எடுத்து, தானே கூடையில் போட்டார், 72-71. ஜோஷ் ஹார்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 74-71. மிச்சம் சுமார் 13 நொடிகள்.

3 புள்ளி முன்னிலை: ஃபவுல் பண்ணணுமா, வேண்டாமா?

கூடைப்பந்து கோச்களிடையே தீராத விவாதம் ஒன்று உண்டு. நீங்கள் 3 புள்ளி முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிரணியிடம் பந்து. சில நொடிகளே மிச்சம். ஒரு த்ரீ-பாயின்டர் போனால் சமன். அதைத் தடுக்க, ஷாட் அடிக்கும் முன்பே ஃபவுல் செய்துவிட்டால்? அதிகபட்சம் 2 ஃப்ரீ த்ரோ. இரண்டும் போனாலும் ஒரு புள்ளி முன்னிலை உங்களிடமே இருக்கும்.

கேட்க எளிது. ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, டைமிங். ஃபவுல் விழும் கணத்தில் எதிராளி ஷாட் அடிக்கக் கையைத் தூக்கிவிட்டால், மூன்று ஃப்ரீ த்ரோ. அந்த ஷாட்டும் உள்ளே போய்விட்டால், அதோடு ஒரு ஃப்ரீ த்ரோ. ஆக மொத்தம் 4 புள்ளி.

இரண்டாவது, ரீபவுண்ட். முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே வளையத்தில் அடித்துத் திரும்ப வைத்து, பந்தைப் பிடித்து மறுபடி அடிப்பது ஒரு பழைய உத்தி. எதிரே நிற்பது ரீபவுண்டில் கெட்டிக்கார அணி என்றால் பயம் இன்னும் அதிகம். சற்று முன்புதான் பெய்ஜ் தன் ரீபவுண்டைத் தானே எடுத்துப் புள்ளி சேர்த்திருந்தார்.

வில்லனோவா ஃபவுல் செய்யவில்லை. நேராகத் தடுக்க முடிவெடுத்தது. தடுப்பு மோசமாகவும் இல்லை. பெய்ஜ் துள்ளியபோது எதிரே ஒருவர் பாய்ந்து வந்தார். பெய்ஜ் காற்றிலேயே பந்தைக் கீழே இறக்கி, கால்கள் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என வளைந்து, மறுபடி தூக்கி எறிந்தார். பந்து உள்ளே. 74-74. மிச்சம் 4.7 நொடிகள்.

அப்படிப் பார்த்தால், அந்த இரவின் மிகக் கடினமான ஷாட் ஜென்கின்ஸுடையது அல்ல, பெய்ஜுடையதுதான். வேறு எந்த நாளாக இருந்தாலும் வரலாற்றில் நின்றிருக்கும். அதன் ஆயுள் 4.7 நொடி மட்டுமே என்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

கல்லூரி விதி என்ன சொல்கிறது?

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள மூன்று விதிகள் தெரிந்தால் போதும்.

ஒன்று, கல்லூரி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்து கூடையில் விழுந்ததும் கடிகாரம் நின்றுவிடும். அதனால்தான் 4.7 நொடி முழுசாக மிஞ்சியது.

இரண்டு, என்பிஏ-வில் இந்த மாதிரி நேரத்தில் டைம்-அவுட் எடுத்தால், பந்தை எதிரணிப் பக்கத்துக்கே கொண்டுபோய் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கல்லூரி ஆட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. முழு 94 அடியையும் ஓடித்தான் கடக்க வேண்டும்.

மூன்று, எதிரணி கூடை போட்டபின் பந்தை உள்ளே போடுபவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே இடமும் வலமும் ஓடலாம். ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. அவரை மறித்து நிற்பது எளிதல்ல.

வில்லனோவா டைம்-அவுட் எடுத்தது.

'நோவா': ஒரு பிளே, பல கதவுகள்

இந்தச் சூழலுக்கென்றே வில்லனோவாவிடம் ஒரு பிளே இருந்தது. பெயர் 'நோவா'. ஆட்டத்தின் கடைசி நொடிகளுக்கான பிளேக்களை அவர்கள் பயிற்சியில் வழக்கமாக ஓடிப் பார்ப்பவர்கள். அதனால் டைம்-அவுட்டில் போர்டு வைத்துப் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டைம்-அவுட் முடியும் நேரத்தில் ஒரு சின்னக் காட்சி. அணியின் உயரமான வீரர் டேனியல் ஒச்செஃபு, மைதானத்தைத் துடைக்கும் மாப்பை வாங்கி, நடுக்கோட்டுப் பக்கம் தரையைத் தானே துடைத்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் ஆர்ச்சிடியகோனோ பந்தைத் தட்டிக்கொண்டு வரப்போவது அந்த வழியாகத்தான். அங்கே வழுக்கினால் எல்லாம் போச்சு. யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பிளே இப்படி ஓடியது:

* ஜென்கின்ஸ் பந்தை உள்ளே போடுகிறார், ஆர்ச்சிடியகோனோ வாங்குகிறார்.
* ஆர்ச்சிடியகோனோ வேகமாக டிரிபிள் செய்து மேலே வர, நடுக்கோட்டருகே ஒச்செஃபு சுவர் மாதிரி நின்று, துரத்தி வருபவரின் வழியை மறிக்கிறார். இதுதான் 'ஸ்க்ரீன்'.
* பூத்தும் ஹார்ட்டும் முன்னால் விலகி ஓடி, தங்களைத் தடுப்பவர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறார்கள்.
* பந்தை உள்ளே போட்ட ஜென்கின்ஸ், அங்கேயே நிற்காமல் பின்னாலேயே ஓடி வருகிறார்.

ஆர்ச்சிடியகோனோவுக்கு முன்னால் பல கதவுகள். தானே கூடை வரை போகலாம். தானே தூரத்திலிருந்து அடிக்கலாம். பக்கவாட்டில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால், பின்னால் வருபவருக்குக் கொடுக்கலாம். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை ஓடும்போதே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

தடுப்பாளர்களின் கண்கள் பந்தின் மேலேயே இருந்தன. பின்னால் இருந்து ஜென்கின்ஸ் கத்திக் கூப்பிட்டார். ஆர்ச்சிடியகோனோ பந்தைக் கீழ்க்கையால் லேசாகத் தள்ளினார். ஓடி வந்த வேகத்திலேயே அதை வாங்கிய ஜென்கின்ஸ், கால்களை ஊன்றி, கூடைக்கு நேராக எழும்பினார். நார்த் கரோலினாவின் ஐசாயா ஹிக்ஸ் பாய்ந்து வந்தார். ஒரு கணம் தாமதம்.

மிச்சம் எல்லோருக்கும் தெரியும். பந்து போவதைப் பார்த்த ஜே ரைட் துள்ளவில்லை, கத்தவில்லை. 'பேங்' என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, எதிரணிக் கோச்சுக்குக் கை கொடுக்க நடந்தார்.

ஏன் ஜென்கின்ஸ் காலியாக இருந்தார்?

கிரிக்கெட்டில் பவுலரின் கண் ஸ்ட்ரைக்கர் மேல் இருக்கும்போது, நான்-ஸ்ட்ரைக்கர் பாதி தூரம் ஓடி வந்திருப்பார். அந்த மாதிரிதான் இதுவும். பந்தை உள்ளே போடுபவர், ஆட்டம் ஆரம்பிக்கும் கணத்தில் மைதானத்திலேயே இல்லை. எனவே ஆபத்தில்லாதவர் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். எல்லோருக்கும் பின்னால் இருப்பதால் பார்வையிலும் படமாட்டார்.

அவருக்கு இன்னொரு சாதகமும் உண்டு. பந்தை வைத்திருப்பவர் ஓட்டத்தை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, அவசரமாக அடிக்க வேண்டும். பின்னால் வருபவரோ கூடையை நேராகப் பார்த்துக்கொண்டே வருகிறார். பந்து கைக்கு வரும்போது கால்கள் ஏற்கெனவே ஷாட்டுக்குத் தயார். ஒரே தூரம்தான், ஆனால் இரண்டில் எது எளிது என்பது பந்து தொட்டவர்களுக்குத் தெரியும்.

ஸ்கோர் சமனாக இருந்ததும் வில்லனோவாவுக்கு உதவியது. ஷாட் தவறினால் ஓவர்டைம், அவ்வளவுதான். ஆனால் நார்த் கரோலினா ஒரு சின்ன ஃபவுல் செய்தாலும் ஃப்ரீ த்ரோவில் கோப்பை போய்விடும். ஒட்டி நின்று தடுக்கக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

நார்த் கரோலினா வேறு என்ன செய்திருக்கலாம்?

இந்தக் கேள்விக்குப் பழைய ஆட்டங்கள் இரண்டு பதில் சொல்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

1992-ல் டியூக் அணிக்கு எதிராகக் கென்டக்கி 103-102 என முன்னிலையில் இருந்தது. மிச்சம் 2.1 நொடி. கென்டக்கி, பந்தை உள்ளே போடுபவர் முன் யாரையும் நிறுத்தவில்லை. அந்த ஆளைக் கூடைப் பக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டது. கிரான்ட் ஹில் நிதானமாக மைதானத்தின் பெரும்பகுதியைத் தாண்டும்படி பந்தை எறிந்தார். கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, திரும்பி, அடித்தார். டியூக் 104-103. பாடம்: பந்தை உள்ளே போடுபவரை ஒட்டி நில்.

1995-ல் மிசௌரிக்கு எதிராக யுசிஎல்ஏ ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மிச்சம் 4.8 நொடி, கிட்டத்தட்ட இதே நேரம். டைஸ் எட்னி முழு மைதானத்தையும் டிரிபிள் செய்து ஓடி, கூடைக்கு அருகே போய் ஆட்டத்தை முடித்தார். யுசிஎல்ஏ 75-74. பாடம்: பந்தோடு ஓடி வருபவரை எப்படியாவது மடக்கு, கூடையைக் காப்பாற்று.

நார்த் கரோலினாவின் தடுப்பாளர்கள் கவனம் வைத்தது இரண்டாவது ஆபத்தின் மேல். ஆர்ச்சிடியகோனோவை எட்னி மாதிரி கூடை வரை விடவில்லை. அந்த வேலையை அவர்கள் சரியாகவே செய்தார்கள். ஆனால் ஐந்து பேரை வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் மூட முடியாது. ஒன்றை இறுக்கினால் இன்னொன்று திறக்கும். 'நோவா' போன்ற பிளேயின் பலமே அதுதான். 'இங்கேதான் அடிப்போம்' என்று அது முன்கூட்டியே முடிவெடுப்பதில்லை. எதிரணி எதை விட்டுக்கொடுக்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளும்.

எனவே தவறு என்று ஒன்றைச் சொல்வதென்றால், அது பெரிய திட்டத்தில் இல்லை. பந்தை உள்ளே போட்டவர் மைதானத்துக்குள் கால் வைத்ததும், அவரோடு ஒட்டி ஓட ஒருவர் இல்லாமல் போனதில்தான் இருக்கிறது.

அப்போ, அதிர்ஷ்டமே இல்லையா?

இருக்கிறது. ஜென்கின்ஸ் அடித்த தூரத்திலிருந்து பந்து ஒவ்வொரு முறையும் உள்ளே போகாது. அது வளையத்தில் பட்டுத் திரும்பியிருந்தால், ஓவர்டைமில் யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம். ஒச்செஃபு துடைத்த தரையையும், ஆர்ச்சிடியகோனோ தானே அடிக்காமல் கொடுத்த பாஸையும் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு மதிப்பு உண்டு. கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டம், கையில் பந்து, உலகமே பார்க்கிறது. நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் தானே ஹீரோவாக முயன்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்ச்சிடியகோனோ தன்னைவிட நல்ல ஷாட் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது.

தோற்ற பக்கத்தில் இன்னொரு கதை. ஜென்கின்ஸைச் சிறுவயதில் சட்டப்படி பொறுப்பேற்று வளர்த்தது பிரிட் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மகன் நேட் பிரிட் அன்று நார்த் கரோலினா அணியில். ஒரே வீட்டில் ஒரு மகனுக்குக் கோப்பை, இன்னொரு மகனுக்குக் கண்ணீர்.

பெய்ஜும் பிரைஸ் ஜான்சனும் அதோடு கல்லூரி முடித்துப் போய்விட்டார்கள். மற்றவர்களில் பலர் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார்கள். 2017 இறுதிப் போட்டியில் நார்த் கரோலினா 71-65 எனக் கொன்சாகாவை வென்று சாம்பியன் ஆனது. அந்த ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தில், ஒரு புள்ளி மட்டுமே முன்னிலை இருந்தபோது, நெருக்கடிக்கு நடுவே உள்ளே புகுந்து மிக முக்கியமான கூடையைப் போட்டவர் ஐசாயா ஹிக்ஸ். ஜென்கின்ஸ் முன்னால் ஒரு கணம் தாமதமாக வந்து சேர்ந்த அதே ஹிக்ஸ்.